வடக்கு ஏரித் தீர்த்தம்

எங்கள் ஊர் மாரியம்மனுக்குக் கும்பாபிஷேகம் என்றால் பவானித் தண்ணீர், கொடுமுடித் தண்ணீர் என்று தீர்த்தக் குடங்கள் வரிசையாக வரும். யார் வீட்டுத் தண்ணீர் ரொம்ப தூரத்திலிருந்து வந்ததோ, அந்த வீட்டுப் பெண்தான் முதல் குடம் எடுப்பாள். இந்த முறை அது என் மனைவி மோகனப்பிரியா என்று ஊரே முடிவு செய்துவிட்டது. போர்வெல் போடும் ரிக் வண்டிக்காரனைக் கட்டிக்கொண்டு பத்து வருடமாக எல்லா நோம்பி திருவிழாவுக்கும் தனியாகப் போய் நின்றவள். இந்த ஒரு பெருமையாவது அவளுக்குக் கிடைக்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை.

அப்போது நான் வடக்கே பனிமலையில் போர்வெல் போட்டுக்கொண்டிருந்தேன். பதினாலாயிரம் அடி உயரம். நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கும். எங்கள் முகாமுக்குக் கீழே ஓர் ஏரி. நம் ஊர் ஏரி மாதிரி கருவேலமரமும் எருமையும் கிடையாது. மொட்டை மலைகளுக்கு நடுவே நாற்பது கிலோமீட்டர் நீளத்துக்கு வெறும் நீலம். காலையில் ஒரு நீலம், மத்தியானம் வேறொரு நீலம். பனி உருகி ஐந்து ஓடைகள் அதில் வந்து விழும்.

ரிக்கில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. குழியில் தண்ணீர் வந்ததும் உள்ளங்கையில் பிடித்து ருசி பார்ப்போம். பதினைந்து வருடத்தில் நான் ருசி பார்க்காத ஒரே தண்ணீர் அந்த ஏரித் தண்ணீர்தான். சாமிக்குப் போவதை எச்சில் பண்ணலாமா? செருப்பைக் கழற்றிவிட்டு, கால் விறைக்க விறைக்க இறங்கிக் கேனை நிரப்பினேன். ரயிலில் பக்கத்து சீட்டுக்காரர் ஒரு மடக்கு கேட்டார். முறைத்தேன். பாவம், கொடுத்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்.

கும்பாபிஷேகத்தன்று காலை, குடத்தில் ஊற்றி மஞ்சள் நூலும் சுற்றியாகிவிட்டது. மேளம் வாசலுக்கு வந்துவிட்டது. அப்போதுதான் என் கொழுந்தியாள் அனிதா, பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்துகிறவள், கேட்டாள்.

"மாமா, அந்த ஏரில இருந்து எந்த ஆறு வெளிய போகுதுங்க?"

"ஒண்ணும் போகலை அம்மணி. உள்ள வாரதுதான்."

அவள் முகம் மாறியது. கேனில் மிச்சமிருந்ததை விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"உப்புங்க மாமா! வார தண்ணி போறதுக்கு வழியில்லீங்க. வெயிலு தண்ணிய மட்டும் எடுத்துட்டு உப்ப உட்டுட்டுப் போயிருது. ஆயிரக்கணக்கான வருசமா இதே கதைதான்."

எனக்கு மனைவியைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

"காவேரித் தண்ணிய மாத்தி ஊத்திரலாம். முதக் குடம் வேற யாராச்சும் எடுக்கட்டும்," என்றேன்.

"ஏனுங்க, ராமேஸ்வரத்துல முழுகறமே, அது என்ன சக்கரைத் தண்ணீங்களா?" என்று மோகனப்பிரியா குடத்தைத் தூக்கித் தலையில் வைத்தாள். மேளத்துக்குப் பின்னால் முதல் ஆளாக நடந்தாள். தீர்த்தம் தெளித்தபோது உதட்டில் பட்டவர்களெல்லாம் சப்புக்கொட்டினார்கள். "பனிமலை ஏரிங்க, அப்படித்தான் கரிக்கும்," என்று ஒவ்வொருவரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் என்னிடம் சொன்னாள்: "இனிமே எந்தத் தண்ணியக் கொண்டாந்தாலும் ஒரு வாய் குடிச்சுப் பாத்துட்டே கொண்டாங்க. உங்க எச்சில்தானுங்க, அம்மன் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டா."