கதவோரக் கோடு

ஊரெல்லாம் தரை போட்டுக் கொடுத்த புருஷன் பெண்டாட்டியின் வீட்டில் தரை வெறும் சிமெண்ட். நாத்தனார் வரும்போதெல்லாம் செருப்போடுதான் உள்ளே வருவாள். "இதுக்கு எதுக்கு அண்ணி கழட்டணும்? தெருவே தேவலாம்."

அண்ணிக்காரி, புருஷன் வந்து போடுவான் என்று இருந்தாள். டைல்ஸ் ஒட்டுகிற மேல்வேலை அவனுடையது. ஒட்டுவதற்கு முன் தரையைச் சுரண்டி, தட்டி, மட்டமாக்கித் தருகிற கீழ்வேலை அவளுடையது. வேலை முடிந்ததும் வீட்டுக்காரர்கள் "என்ன கை மேஸ்திரி உனக்கு!" என்று அவனைத்தான் மெச்சுவார்கள். அடியில் போன கையை எவன் பார்த்தான்?

கடல் தாண்டி வேலைக்குப் போகும்போது, "வந்து நம்ம ரூமுக்கு மரத்தரை போட்டுத் தரேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். நிஜ மரமில்லை, மரம் போல வரியோடிய, நீள நீளமான போர்சலின் டைல்ஸ். பெட்டிகள் வந்து சுவரோரம் தூசி குடித்தன. அவன்தான் வரவில்லை. ஒவ்வொரு தடவையும் அடுத்த தடவை என்றான்.

கடைசியில் லீவு கிடைத்துவிட்டதென்று போன் செய்தான். "பழைய தரை மேலயே ஒட்டிடலாம்டி. நீ ஒண்ணும் மெனக்கெடாத."

"அங்க அப்படித்தான் ஒட்டுறியா?"

"அங்க கீழ்வேலைக்கு நீ இல்லையே."

அந்த ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. மறுநாளே தரையில் மண்டியிட்டாள்.

சுத்தியல் காம்பால் அறை முழுக்கத் தட்டிக்கொண்டே போனாள். கெட்டியான இடம் டக்கென்றது. பொள்ளலான இடம் பொத்தென்றது. பொத்தென்றதையெல்லாம் உடைத்தெடுத்து அடைத்தாள். காய்ந்த பெயிண்ட் சொட்டுகளைச் சுரண்டினாள். ஈரம் ஏறுகிறதா என்று பிளாஸ்டிக் தாளை விரித்து நாலு ஓரமும் ஒட்டிவைத்தாள். மறுநாள் தாளின் அடியில் முத்து முத்தாக வேர்த்திருந்தது. வெளிச்சுவரோரம் தேங்கிய தண்ணீருக்கு வழி வெட்டிவிட்டு, தரை காயட்டும் என்று காத்திருந்தாள். காத்திருப்பது அவளுக்கென்ன புதுசா? காய்ந்தபின் மட்டக்கோலை வைத்தால் அடியில் வெளிச்சம் தெரிந்தது. சின்ன டைல்ஸ் பள்ளத்தைப் பொறுத்துக்கொள்ளும். நீள டைல்ஸ் மன்னிக்காது. ஒரு முனை தூக்கும், மிதித்தால் விரியும். மேட்டைத் தேய்த்தாள். பள்ளத்துக்குப் பிரைமர் பூசி, தானாகப் பரவும் கலவையை ஊற்றினாள். அப்புறம் கோலை எப்படிப் போட்டாலும் அடியில் துளி வெளிச்சமில்லை.

எல்லாம் முடிந்தபின் நூலடித்து, ஆரம்பக் கோடு போட்டாள். கதவோரமாக.

தொழில் தெரிந்த யாரும் கதவோரம் ஆரம்பிக்கமாட்டார்கள். எதிர்ச்சுவரில் ஆரம்பித்துப் பின்னாலேயே நகர்ந்து, கதவு வழியாக வெளியே வந்துவிட வேண்டும். கதவில் ஆரம்பித்தால் ஒட்டுகிறவன் உள்ளே மாட்டிக்கொள்வான். பசை இறுகும்வரை காலை வைக்க முடியாது. கல்யாணமான புதிதில், யாரோ வீட்டில், பேச்சு சுவாரஸ்யத்தில் இருவரும் அப்படித்தான் செய்துவிட்டார்கள். ஜன்னலிலோ கம்பி. ஒட்டாமல் மிஞ்சிய ஒரு துண்டுத் தரையில் முழங்காலை மடக்கிக்கொண்டு பொழுது விடியும்வரை உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்குப் பேசியதுபோல் அவன் அப்புறம் பேசவே இல்லை. எழுந்து போக அன்றைக்கு அவனுக்கு வழியில்லை, அவ்வளவுதான்.

வந்தான். வந்தவனைச் சொந்தபந்தம் பங்கு போட்டுக்கொண்டது. லீவு தீருமுன்பே கம்பெனிக்காரன் திரும்பக் கூப்பிட்டுவிட்டான். கிளம்புகிற அன்றைக்குக் காலையில்தான் பசை சீவும் கரண்டியைக் கையில் எடுத்தான்.

குனிந்து தரையைத் தடவினான். "அடேயப்பா! கண்ணாடிடி இது."

அவளுக்கு உச்சி குளிர்ந்தது. அதற்குள் கோட்டைப் பார்த்துவிட்டான்.

"என்னடி, கதவுப் பக்கம் அடிச்சிருக்க? மறந்துட்டியா?"

"மறக்கல."

நிமிர்ந்து பார்த்தான். புரிந்ததும் காது சிவந்தது. அதை மறைக்கச் சிரித்தான். "பைத்தியம். சாயங்காலம் வண்டி வந்துரும்." ஈரத்துணியை எடுத்துக் கோட்டைத் துடைத்தான்.

அவள் கரண்டியைப் பிடுங்கினாள். "நகரு."

"ஏய், நான்தானே போட்டுத் தரேன்னு..."

"நீ போய்ப் பெட்டியைக் கட்டு. அதுக்குக் கீழ்வேலை வேண்டாம்."

துடைத்த இடத்திலேயே மறுபடி நூலடித்தாள். மேல்வேலை அவளுக்குத் தெரியாததில்லை. இதுவரை யாரும் கேட்கவில்லை, அவ்வளவே. பசையைச் சீவி, டைல்ஸைப் பலகை பலகையாக, ஒன்றுக்கொன்று மூன்றில் ஒரு பங்கு தள்ளி ஒட்டிக்கொண்டு பின்வாங்கினாள்.

நாத்தனார் வாசலில் வந்து நின்றாள். "அண்ணன் கிளம்புற நேரத்துல என்ன அண்ணி கூத்து இது?"

"முதல்ல செருப்பைக் கழட்டு."

கழற்றினாள்.

வெயில் சாயும்போது ஒட்டிக்கொண்டே அவள் ஜன்னலடிக்கு வந்திருந்தாள். காலடியில் ஒரு துண்டுத் தரை மட்டும் பாக்கி. குளித்து, தலை சீவி, கையில் பெட்டியோடு அவன் கதவருகே நின்றான்.

"உள்ள மாட்டிக்கிட்டியேடி."

"நான் மாட்டல. நீதான் வெளிய நிக்கிற."

அவன் குந்தி, ஒரு கண்ணை மூடித் தரையை ஒட்டிப் பார்த்தான். "ஒரு முனைகூடத் தூக்கல."

"அடி சரியா இருந்தா மேல ஏன் தூக்கும்?"

"அடுத்த தடவை வரும்போது..."

"அதை மட்டும் சொல்லாத."

தெருவில் ஹாரன் அடித்தது. அவன் எழுந்தான். ஒரு கால் நிலைப்படிக்கு மேலே வந்தது. ஈர டைல்ஸைப் பார்த்ததும் பின்னால் போனது. மறுபடி ஹாரன்.

"வரேன்."

"ம்."

வண்டிக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டதும் அவளுக்கு உடம்பு தன்னால் எழுந்தது. நாலு தாவல் தாவினால் வாசல். வாசலுக்கு அப்பால் தெரு. பாதத்தைத் தூக்கிவிட்டாள். கீழே ஈரம் காயாத பலகைகள்; அவற்றுக்கும் கீழே அவள் தட்டித் தட்டி மட்டமாக்கிய தரை. ஒரு மிதி போதும், எல்லாம் சாய.

"பாழாப்போன தொழில்" என்று முணுமுணுத்துக் காலை இழுத்துக்கொண்டாள். வண்டிச் சத்தம் தெருமுனை திரும்பித் தேய்ந்தது.

துண்டுத் தரையில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தாள். தாராளமாக உட்கார இடமிருந்தும் சுவரோடு ஒண்டி, பக்கத்தில் ஓர் ஆள் அளவு இடம் விட்டுத்தான் உட்கார்ந்திருந்தாள்.