ஏழாம் பக்கத்துக் கையெழுத்து

என் புருஷன் என்னைக் கவனிப்பதில்லை என்று என் புருஷனே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அந்தப் படிவத்தின் ஏழாம் பக்கம் அப்படித்தான் சொன்னது. படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. கோபம் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது, ஆனால் வந்தது போகவில்லை.

எங்கள் குடியிருப்பு, வருமானம் குறைந்தவர்களுக்கென்று குறைந்த வாடகையில் விடப்படுவது. நாலு வருஷமாக நானும் என் மகளும் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். நாங்கள் இன்னும் ஏழைகள்தானா என்று வருஷத்துக்கு ஒரு தடவை கீழே அலுவலகத்தில் சரிபார்ப்பார்கள். சம்பளச் சீட்டு, வங்கிப் புத்தகம், வீட்டில் யார் யார் என்ற கணக்கு எல்லாம் காட்ட வேண்டும். அதில் எனக்கு மனக்குறை இல்லை. தகுதி இல்லாதவன் ஒருவன் உள்ளே உட்கார்ந்துகொண்டால், தகுதி உள்ள ஒருத்தி வெளியே நிற்பாள். நானே ஒன்றரை வருஷம் அப்படி வெளியே நின்றவள்தான்.

இந்த வருஷம் புதிதாக ஒரு அதிகாரி வந்திருந்தார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவர். எதிர்வீட்டு டிரைவரிடம், போன வருஷம் விற்ற ஓட்டை சைக்கிளுக்கு ரசீது கேட்டாராம். அன்று சாயங்காலமே குடியிருப்பு முழுக்க அவருக்குச் 'சல்லடை' என்று பெயர் வைத்தாகிவிட்டது.

"பிரிஞ்சு இருக்கிறவர் கிட்டயிருந்து பணம் வருதா இல்லையான்னு அவரே எழுதிக் கொடுக்கணும்மா. போய் வாங்கிட்டு வந்துடுங்க" என்றார் சல்லடை.

"ஒரு பைசா வரல சார். நானே எழுதித் தரேன்."

"உங்களுக்கு நீங்களே சாட்சி சொன்னா அது எப்படிம்மா சரிபார்ப்பு ஆகும்?"

"ஆறு வருஷத்துக்கு முன்னாடி கம்பி நீட்டின மனுஷன் சார் அவர். அவர் வாசல்ல போய், ஐயா, நீங்க எங்களைக் கவனிக்கலைன்னு ஒரு கையெழுத்துப் போடுங்கன்னு நான் நிக்கணுமா?"

"அது உங்க குடும்ப விஷயம். எனக்கு மாசக் கடைசிக்குள்ள வேணும். இல்லேன்னா வீட்டு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க முடியாது."

அவன் இருக்கும் இடம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஊரின் அந்தக் கோடியில் பேட்டரிக் கடை வைத்திருக்கிறான். பஸ் ஏறினால் அரை மணி நேரம். ஆனால் அந்த பஸ்ஸில் நான் தலைகீழாக நின்றாலும் ஏறுவதாக இல்லை.

"ஏண்டி, ஒரு கையெழுத்துதானே?" என்று போனில் அக்கா கத்தினாள். "வீம்பு பிடிச்சுக்கிட்டு இருக்கிற வீட்டையும் விட்டுடாத. போய்க் கேட்டா குறைஞ்சா போயிடுவ?"

"குறைஞ்சுதான் போவேன் அக்கா" என்று வைத்துவிட்டேன்.

நான் ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை செய்கிறேன். இஸ்திரி உருளையில் படுக்கை விரிப்புகளைக் கொடுத்து வாங்கும் வேலை. மறுநாள் எங்கள் சூப்பர்வைசர் அம்மா என்னைக் கூப்பிட்டு, "உன் சம்பளம் எவ்வளவுன்னு கேட்டு உங்க குடியிருப்பு ஆபீஸ்லேருந்து தபால் வந்திருக்கு, இங்க வா" என்றார். அவர் எழுதிக்கொண்டிருந்த படிவத்தின் அடியில், எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி இருந்தது. 'இப்படிவம் குடியிருப்பு அலுவலகத்திலிருந்து நேரடியாக அனுப்பப்பட வேண்டும். குடியிருப்பவர் கையில் கொடுத்தனுப்பக் கூடாது.'

வீட்டுக்கு ஓடிவந்து ஏழாம் பக்கத்தைப் பார்த்தேன். அதன் அடியிலும் அதே வரி.

கீழே எடுத்துப்போய் நீட்டினேன். சல்லடை அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தபால்ல போனா நாளாகும், உங்களுக்கு உதவியா இருக்கட்டுமேன்னுதான்..."

"ஆகட்டும் சார். நாங்களே போலிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவந்துடுவோம்னுதானே அந்த வரி? நீங்க என்னை நம்பவே வேண்டாம். ஆனா விதிப்படி நம்பாம இருங்க."

சல்லடை என் புருஷனுடைய கடை முகவரியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பன்னிரண்டாம் நாள் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

பதில் வந்திருந்தது. அவனுடைய அதே குண்டுக் கையெழுத்து. 'என் மனைவிக்கும் மகளுக்கும் மாதந்தோறும் தவறாமல் பணம் கொடுத்து வருகிறேன்.' கீழே ஒரு தொகை. என் சம்பளத்தில் முக்கால் பங்கு இருக்கும். இரண்டையும் கூட்டினால், இந்த வீட்டில் இருப்பதற்கான வருமான வரம்பைத் தாண்டிவிடுகிறது.

அவன் எனக்குக் கெடுதல் செய்ய நினைத்து எழுதியிருக்க மாட்டான். அந்த அளவுக்கு எங்களை அவன் நினைத்துப் பார்ப்பதில்லை. அலுவலக முத்திரையோடு தபால் வந்திருக்கும், கடையில் நாலு பேர் எட்டிப் பார்த்திருப்பார்கள். சேர்ந்தாற்போல் நாலு பேரைக் கண்டால் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, வீட்டில் பால் இல்லை என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்பவன் அவன். பெற்ற பிள்ளைக்கு ஒன்றும் கொடுப்பதில்லை என்று அவர்கள் எதிரில் எப்படி எழுதுவான்?

"வருமானத்தை மறைச்சீங்கன்னு எழுத வேண்டி வரும்மா" என்றார் சல்லடை. "முப்பது நாள்ல காலி பண்ணணும்."

வீட்டுக்கு வந்து அக்காவிடம் போனில் பொரிந்து தள்ளினேன். மகள் உள்ளே படித்துக்கொண்டிருந்ததை மறந்துவிட்டேன். பன்னிரண்டு வயசு. போனை வைத்ததும் வாசல்படியில் வந்து நின்றாள்.

"அம்மா, அப்பா நமக்குப் பணம் கொடுத்துட்டா இருந்தாரு? ஏன் என்கிட்ட சொல்லவே இல்ல?"

கேட்கும்போது அவள் முகம் மலர்ந்திருந்தது. அப்பாவுக்கு நம் நினைப்பு இருந்திருக்கிறது என்ற சந்தோஷம். அதை நான்தான் அணைக்க வேண்டியிருந்தது.

"இல்லடி தங்கம். கொடுத்ததா எழுதியிருக்காரு. அவ்வளவுதான்."

சரி என்று தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். வெகுநேரம் புத்தகத்தின் பக்கம் திரும்பவே இல்லை. விட்டுப் போனதை மன்னித்தாலும் மன்னிப்பேன். அந்த ஒரு நிமிஷ மலர்ச்சிக்கு அவனை மன்னிக்க மாட்டேன்.

மறுநாள் அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டு, ஆறு வருஷத்து வங்கிப் புத்தகங்களைச் சல்லடையின் மேஜையில் அடுக்கினேன்.

"கையில கொடுத்திருந்தா இதுல வராதேம்மா" என்றார்.

"அப்போ அவரையே கேளுங்க சார். லெட்டர்ல போன் நம்பர் இருக்கு. என் வீட்டுச் சோப்பு டப்பா வரைக்கும் சரிபார்த்தீங்களே. அவர் எழுதினதை மட்டும் ஏன் அப்படியே எடுத்துக்கறீங்க?"

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு போனை ஸ்பீக்கரில் போட்டார். என்னைப் பேச வேண்டாம் என்று கை காட்டினார்.

"ஆமா சார், மாசம் பொறந்தா கொடுத்துடுவேன்" என்றது அவன் குரல். "பெத்த பொண்ணாச்சே."

"பேங்க்ல போடுவீங்களா, கையிலயா?"

"கையிலதான் சார். வீட்டுக்கே போய்க் கொடுத்துட்டு, பொண்ணையும் பார்த்துட்டு வருவேன்."

அளந்து விட்டுக்கொண்டே போனான். நான் மேஜையில் கிடந்த ஒரு துண்டுக் காகிதத்தில் 'எத்தனாவது மாடி?' என்று எழுதித் தள்ளினேன். சல்லடை அதைப் படித்தார்.

"வீடு எத்தனாவது மாடி சார்?"

அந்தப் பக்கம் சுத்தியல் சத்தம் மட்டும் கேட்டது.

"மாடி ஏது சார்? கீழ் வீடுதானே. வாசல்ல தண்ணிக் குழாய் இருக்குமே."

குழாய் இருந்த அந்த வீட்டில்தான் அவன் எங்களை விட்டுவிட்டுப் போனான். அதைக் காலி செய்து நாலு வருஷம் ஆகிறது. அலுவலகம் அனுப்பிய தாளில் என் பெயர் மட்டும்தான் இருந்தது, என் வீட்டு முகவரி இல்லை.

"சரி சார், நன்றி" என்று சல்லடை போனை வைத்தார். என் விண்ணப்பத்தின் முதல் பக்கத்தைத் திருப்பி, 'மூன்றாவது மாடி' என்ற இடத்தில் விரலை வைத்துப் பார்த்தார். கோப்பில் என்னவோ நீளமாக எழுதினார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் நகர்த்தினார்.

"பணம் எதுவும் வரலைன்னு நீங்க எழுதிக் கொடுங்கம்மா. அது போதும்."

"இதைத்தான் சார் நான் முதல் நாளே கேட்டேன்."

நான் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் புதுப்பித்து முத்திரை குத்தினார். வீடு கையை விட்டுப் போகவில்லை. நான் எழுந்திருக்கவில்லை.

"அவர் லெட்டர் ஒரு காப்பி வேணும் சார்."

"அதுதான் பொய்னு ஆயிடுச்சே. அதை வச்சு என்ன பண்ணப் போறீங்க?"

"மாசம் இவ்வளவு கொடுக்க முடியும்னு அவர் கைப்பட எழுதியிருக்காரே சார். இது இல்லாம நான் ஜீவனாம்சக் கேஸ் போட்டிருந்தா, வியாபாரமே இல்லைன்னு கோர்ட்டுல மூக்கைச் சிந்தியிருப்பாரு. இத்தனை நாள் அவர் காசு வேண்டாம்னு இருந்தது என் வீறாப்பு. ஆனா அது என் பொண்ணுக்கு வர வேண்டியது. வேண்டாம்னு சொல்ல நான் யாரு?"

சல்லடை எழுந்து போய் இயந்திரத்தில் அந்தத் தாளை வைத்தார். நகல் சூடாக வெளியே வந்தது. என்னிடம் கொடுக்கப் போனவர், பாதியில் கையை நிறுத்தினார்.

"ஒண்ணு யோசிச்சீங்களா? கோர்ட்டு சொல்லி இந்தப் பணம் நிஜமாவே வர ஆரம்பிச்சா, உங்க வருமானம் வரம்பைத் தாண்டிடும். அடுத்த வருஷம் நானே வந்து உங்களைக் காலி பண்ணச் சொல்லணும்."

நான் அவர் கையிலிருந்து நகலை வாங்கிக்கொண்டேன்.

"வந்து சொல்லுங்க சார், காலி பண்றேன். வந்த பணத்துக்காகக் காலி பண்ணுவேன். வராத பணத்துக்காக ஒரு நாளும் பண்ண மாட்டேன்."