டோல்கேட்டுக்கு அந்தப் பக்கம்

ஆம்பூரில் இன்டர்நெட்டை நிறுத்திவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் ஹெலன் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னாள். பஜாரில் பிரவுசிங் சென்டர் வைத்துப் பிழைக்கிறவள் அப்படிச் சொன்னால் யாரும் சிரிப்பார்கள். ஆனால் அவள் தம்பி ஜோசுவா தோளில் கட்டோடு உள்ளறையில் படுத்திருந்தான்.

ஜோசுவா ஒரு ஷூ கம்பெனியில் வேலை செய்கிறவன். வெட்டிய தோலைச் சாக்கில் கட்டி, பைக்கில் வைத்து ஊர் ஊராகக் கொண்டுபோவான். வீட்டிலிருந்தே தைக்கும் பெண்களிடம் கொடுத்து, தைத்ததை வாங்கி வருவான். அந்தச் சாக்குதான் வினையாகப் போனது. பிள்ளை பிடிக்கிற கும்பல் சுற்றுகிறது என்று வாட்ஸப்பில் புரளி கிளம்பியிருந்த நேரம். புதிதாகப் போன ஊரில் வழி கேட்டு நின்றவனை, சாக்கில் என்ன என்று கேட்டார்கள். அவிழ்த்துக் காட்டுவதற்குள் அடி விழுந்துவிட்டது. போலீஸ் வந்து மீட்டது. அதற்கு முன்பே எவனோ போட்டோ எடுத்துவிட்டான். ரத்தம் வழியும் முகம். அதன் கீழே, 'இவன்தான், உஷார்.'

மறுநாள் வேறு ஊர்களிலும் வழிப்போக்கர்கள் அடிபட்டார்கள். பிறகுதான் பொதுமக்களின் பாதுகாப்பு கருதி என்று மொபைல் நெட்டை நிறுத்தினார்கள். பிரவுசிங் சென்டர்களையும் மூடச் சொன்னார்கள். ஹெலன் மறுபேச்சில்லாமல் ஷட்டரை இறக்கினாள்.

பக்கத்து வீட்டு சஹர் வந்து நின்றாள். எம்.எஸ்ஸிக்கு விண்ணப்பம் போட வேண்டும். நாளைக்குக் கடைசி நாள்.

"அக்கா, ஷட்டரை இறக்கிட்டே பண்ணிக் குடுங்கக்கா. மொபைல் நெட்தானே இல்ல, கடை லைன் வேலை செய்யுது இல்ல?"

"முடியாதும்மா. நெட்டை நிறுத்தினதாலதான் என் தம்பி உசுரோட இருக்கான்."

சஹர் மெதுவாகச் சொன்னாள்.

"கோச்சிக்காதீங்க. நிறுத்தறதுக்கு முன்னாடியே அந்த போட்டோ எல்லார் போனுக்கும் போய்ட்டிச்சி. ஜோசுவா அண்ணன் மேல தப்பே இல்லன்னு போலீஸ் ஒரு வீடியோ போட்டிருக்காங்களாம். சென்னைல இருக்கிற எங்க மாமா போன்ல சொன்னாரு. அது மட்டும்தான் இங்க யாருக்கும் வரல."

மத்தியானம் ஹெலன் அந்த வீடியோவைப் பற்றிக் கேட்க ஸ்டேஷனுக்குப் போனாள். அங்கிருந்த எஸ்.ஐ. நல்ல மனுஷன்தான், உட்காரச் சொன்னார். தூங்கிப் பல நாள் ஆனவர் போலக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார்.

"வீடியோ போட்டது நாங்கதாம்மா. ஆனா நெட்டைத் தொறந்துவிட்டா அது மட்டுமா வரும்? பொய்யும் சேர்ந்துதான் வரும். இன்னொருத்தன் செத்துட்டா யாரு பதில் சொல்றது? மேல இருந்து ஆர்டர் வரட்டும்."

அவர் சொன்னதிலும் தப்பு தெரியவில்லை. சஹர் சொன்னதிலும் தெரியவில்லை. யோசிக்க யோசிக்க ஹெலனுக்குத் தலைவலிதான் மிச்சம்.

மறுநாள் காலையில் சஹரைக் கூட்டிக்கொண்டு வேலூர் பஸ் ஏறினாள். பள்ளிகொண்டா டோல்கேட்டைத் தாண்டினால் நெட் வரும் என்று ஊரே பேசிக்கொண்டது. பஸ்ஸில் பாதிக் கூட்டம் அதற்குத்தான் போனது. சத்துவாச்சாரியில் ஹெலனுக்குத் தெரிந்த கடை ஒன்று இருந்தது.

பக்கத்தில் மடியில் குழந்தையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஹெலன் குழந்தையைப் பார்த்துச் சிரிக்கவும், அவள் சிநேகமாகப் பேச ஆரம்பித்தாள்.

"காலம் கெட்டுக் கெடக்குதுக்கா. கொழந்தைய வெளிய விடவே பயமா இருக்கு. இவனப் பாத்தீங்களா? இன்னும் இந்தப் பக்கம்தான் சுத்தறானாம்."

போனில் ஜோசுவாவின் முகம். ஹெலன் அதுவரை அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. பார்க்கக் கூடாது என்றே இருந்தாள்.

"இவன் என் தம்பி" என்றாள்.

அந்தப் பெண் குழந்தையை வாரி அந்தப் பக்கத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். ஜோசுவாவை அடித்தார்கள் என்று கேட்டபோதுகூட ஹெலனுக்கு இப்படி வலிக்கவில்லை.

பின்சீட்டிலிருந்து சஹர் எட்டி அந்தப் பெண்ணிடம் சொன்னாள், "அக்கா, அவர் மேல தப்பில்லன்னு போலீஸே சொல்லிட்டாங்க."

"எங்க, காட்டு" என்றாள் அந்தப் பெண்.

காட்டுவதற்குத்தான் கையில் ஒன்றும் இல்லையே. மாதனூர் போயிற்று. டோல்கேட்டைத் தாண்டியதும் பஸ் முழுக்கப் போன்கள் டிங்டிங்கென்று கத்தத் தொடங்கின. சஹர் அவசரமாகத் தேடி அந்த வீடியோவை எடுத்து நீட்டினாள். அந்தப் பெண் முழுக்கப் பார்த்தாள். திரும்ப ஒரு தடவை பார்த்தாள்.

"அய்யோ, நானும் எங்க தெரு குரூப்ல போட்டுட்டேனேக்கா" என்றாள். கண் கலங்கிவிட்டது. "இத எனக்கு அனுப்பும்மா. இப்பவே அவங்களுக்கும் போட்டுடறேன்."

போட்டாள். ஒரே ஒரு டிக் விழுந்தது. அவள் தெரு ஆம்பூரில் இருந்தது. வேலூரில் இறங்கும்வரை அந்த டிக்கையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

சத்துவாச்சாரிக் கடையில் கூட்டமோ கூட்டம். நின்று நின்று, சாயங்காலம் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. சஹர் ஹெலனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஹெலன் அந்த வீடியோவைத் தன் போனில் இறக்கி வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு தினமும் அதை எடுத்துக்கொண்டு ஜோசுவா போய்வரும் ஊர்களுக்கெல்லாம் போனாள். டீக்கடையில், ரேஷன் கடை வரிசையில், ஒவ்வொருவராக நிறுத்திக் காட்டினாள். சிலர் ஐயோ பாவம் என்றார்கள். "நெருப்பில்லாம பொகையுமா?" என்றார் ஒருவர். அடித்த ஊரில் ஒரு பெரியவர் பார்த்து முடித்து, "தண்ணி குடிக்கிறியாம்மா?" என்று மட்டும் கேட்டார். ஹெலன் வாங்கிக் குடித்தாள்.

அடுத்த வாரம் நெட் வந்தது. உண்மையும் பொய்யும் ஒன்றாக வந்து குவிந்தன. புதிதாக யாரும் அடிபடவில்லை. நிறுத்தியது சரிதான் என்றது பஜாரில் ஒரு கூட்டம். இல்லை, அதனால்தான் புரளி இத்தனை நாள் ஓடியது என்றது இன்னொரு கூட்டம். இரண்டு கூட்டமும் ஹெலனிடம் நியாயம் கேட்டது. அவள் ஷட்டரைத் தூக்கிவிட்டு, கம்ப்யூட்டர்களின் மேல் படிந்த தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

தோள் ஆறியதும், ஊர் ஊராகப் போகும் வேலை வேண்டாம் என்று ஜோசுவா கம்பெனியில் கேட்டுக்கொண்டான். குடோனில் அட்டைப்பெட்டி கட்டும் வேலை கொடுத்தார்கள். சம்பளம் கம்மி.

"உனக்கு அந்த வேலை போதுமாடா?" என்று ஹெலன் கேட்டாள்.

"அங்க கொழந்தைங்க யாரும் வரமாட்டாங்கக்கா" என்றான் ஜோசுவா.