ஓடைப் பொன்

எந்த வீட்டு வாசலுக்குப் போனாலும், காற்சட்டைப் பைகள் இரண்டையும் வெளியே இழுத்து உதறிவிட்டுத்தான் றெஜி உள்ளே நுழைவான். கனடாவின் எட்மன்ரன் நகரில், பூட்டுகளுக்குத் திறப்பு வெட்டும் கடையொன்றில் அவனுக்கு வேலை. இயந்திரம் பித்தளையைச் சுரண்டும்போது பறக்கும் மஞ்சள் தூள் எப்படியோ பைகளுக்குள் குடியேறிவிடும். மனைவி கண்டித்துக் கண்டித்துப் பழக்கிய பழக்கம் அது. துவைத்து மடித்த காற்சட்டையோடு விமானம் ஏறி, இத்தாலியின் பலெர்மோ நகரில், சீசாப் பகுதியில் அண்ணன் குடியிருந்த மாடிவீட்டு வாசலில் வந்து நின்றபோதும், அவன் கைகள் தாமாகவே பைகளை வெளியே இழுத்தன. ஒன்றும் விழவில்லை.

"உதறினது காணும், உள்ளை வாங்கோ தம்பி," என்றாள் அண்ணி யோசப்பின். "விடிஞ்சதிலையிருந்து வாசலைத்தான் பாத்துக்கொண்டு கிடக்கிறார்."

இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று கிறிகோரியை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். கட்டிலில் கிடந்த உடம்பில் அண்ணனைத் தேடிப் பிடிக்க றெஜிக்குச் சிறிது நேரம் எடுத்தது. தலைமாட்டுத் தட்டில் மடுமாதா சுரூபம். அதன் காலடியில் ஒரு சிறிய மருந்துப் போத்தல். அதற்குள் தண்ணீர், அடியில் ஒரு சிட்டிகை மஞ்சள் தூள். றெஜி அதைக் கண்டான். உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

"வந்திட்டியே?" என்றார் கிறிகோரி. குரல் காற்றாக வந்தது. "வழியிலை கரடி ஒண்டும் மறிக்கேல்லையே?"

"பிளேனிலை கரடியை ஏத்த மாட்டினம் அண்ணை."

கிறிகோரி சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நெடுநேரமாயிற்று.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், தொண்ணூற்றாறாம் ஆண்டுக் கோடையில், விடுமுறைக்குக் கனடா வந்த அண்ணனை ஏற்றிக்கொண்டு றெஜி வடக்கே வாகனம் ஓட்டினான். நூறு ஆண்டுகளுக்கு முன் பொன் தேடி உலகமே ஓடிய நாட்டைப் பார்க்க வேண்டும் என்பது அண்ணனின் ஆசை. போகப் போகக் காடு. அது முடிந்தால் இன்னொரு காடு. கரடியொன்று தெருவின் நடுவே வழிமறித்து அமர்ந்திருந்தபோது, கிறிகோரி கண்ணாடியை இறக்காமலே அதனோடு வழக்காடினார். "ஏய், றோட்டிலை படுக்கிற மன்னார்க் கழுதை! நீயும் றோட்டு உன்ரை சீதனமெண்டு நினைச்சியோ?"

டோசன் நகரில், உறைந்த நிலம் நெகிழ்ந்து சாய்ந்துபோன பழைய மரவீடுகளின் முன்னே பலகை நடைபாதையில் இருவரும் நடந்தார்கள். ஊருக்கு வெளியே, பொன் அரித்த இயந்திரங்கள் கக்கிவிட்டுப் போன கூழாங்கல் மேடுகள் கண்ணெட்டிய தூரம்வரை கிடந்தன.

"அவங்கள் பொன்னுக்கு ஓடினாங்கள். நாங்கள் உயிருக்கு ஓடினம்," என்றார் கிறிகோரி. பிறகு ஓடைக்கரையை நோக்கி நடந்தார்.

வருகிறவர் எவரும் பொன் அரித்துப் பார்க்கலாம் என்று விட்டிருந்த ஓடை அது. பனிபோல் குளிர்ந்த நீரில் முழங்கால்வரை நின்று, அரிசி களைவதைப்போல் தட்டைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்தார் அண்ணன். மண்ணும் கல்லுமே மிஞ்சின. தட்டை அவனிடம் கொடுத்துவிட்டு அவர் குனிந்து காற்சட்டையைச் சுருட்டிய வேளையில், றெஜி தன் பைக்குள் விரலை விட்டான். அகப்பட்ட பித்தளைத் தூளைத் தட்டில் தூவினான். வேடிக்கைக்குத்தான். அவர் கண்டு குதித்தவுடன் கைகொட்டிச் சிரிக்க ஆயத்தமாக நின்றான்.

கிறிகோரி குதிக்கவில்லை. தண்ணீருக்குள்ளேயே முழந்தாளிட்டார்.

"ஆண்டவரே!" என்றார். கன்னங்களில் நீர் வழிந்தது. "தம்பி, பாத்தியே? எங்களுக்கெண்டும் ஒரு கிள்ளு வைச்சிருக்கிறார்."

றெஜி கொட்டத் தூக்கிய கைகளைப் பைகளுக்குள் விட்டுக்கொண்டான்.

அன்று மாலை விடுதி வாசலில், வழக்கம்போல் அவன் பைகளை உதறினான். அந்தத் தூளை இட்ட மருந்துப் போத்தலோடு பின்னால் நின்ற அண்ணன் கால்மிதியைச் சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு உள்ளே வந்தார். படுக்கப்போகும்போது, சிறு வயதில் சொல்வதைப்போல் ஒரு கதை சொன்னார்.

"ஒரு குருவியின்ரை கூட்டுக்குள்ளை ஆரோ ஒரு கண்ணாடி மணியைக் கொண்டந்து போட்டிட்டினமாம். குருவி அதிலை இருந்து அடைகாத்துதாம். காகம் வந்து, 'விசரி, உது பொரிக்காது' எண்டுதாம். 'தெரியும். கொண்டந்தவன் பக்கத்துக் கொப்பிலை இருக்கிறான், கொஞ்சம் மெதுவாக் கதை' எண்டுதாம் குருவி."

"பிறகு பொரிச்சுதே?"

"கண்ணாடி எங்கையடா பொரிக்கிறது? படு."

அதன்பின் தொலைபேசியில் எத்தனையோ முறை உண்மை றெஜியின் நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போயிற்று. அண்ணனோ பலெர்மோவில் கண்டவரிடமெல்லாம், 'என்ரை தம்பி கூட்டிக்கொண்டு போய்க் காட்டின பொன்' என்று போத்தலைக் காட்டிக்கொண்டிருந்தார்.

இன்று சொல்லிவிட வேண்டும். அந்த ஒரே எண்ணத்தோடுதான் அவன் விமானம் ஏறியிருந்தான்.

"அண்ணை, உந்தப் போத்தல்..."

கிறிகோரி ஒரு விரலை உயர்த்தினார். "பயணம் வந்தனி. முதல்லை போய்ச் சாப்பிடு. கதையெல்லாம் பிறகு."

றெஜி குசினிக்குப் போனான். கோப்பையில் போட்ட சோற்றில் கை வைத்தபோது, அறைக்குள்ளிருந்து யோசப்பின் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். ஒரு முறைதான். அந்தக் குரலிலேயே எல்லாம் இருந்தது.

பிற்பகல் முழுவதும் பங்குச் சனங்கள் வந்தார்கள். சாவீட்டில் அடுப்பு எரியலாகாது என்று கீழ்வீட்டு இத்தாலிய அம்மா மூடிய பானையில் சூப் கொண்டுவந்து வைத்துவிட்டு, பிணத்தின் நெற்றியில் முத்தமிட்டுப் போனாள். செபமாலை ஓய்ந்த இடைவெளியில், அண்ணனின் மகள் சுஜானி போத்தலோடு றெஜியின் அருகில் வந்து அமர்ந்தாள். அவளுக்குப் புரட்டாதியில் கலியாணம்.

"சித்தப்பா, இதை என்ரை கலியாண மோதிரத்திலை உருக்கிச் சேர்க்கப்போறன். அப்பா இருக்கேக்கை விடவே இல்லை. கேட்டா, 'பியானோ, பியானோ, மெதுவா மெதுவா, என்ன அவசரம்' எண்டுவார். பொலிதேயாமாப் பக்கம் அப்பா வேலை செய்த வீட்டுக்கார அம்மா, அந்தச் சினியோரா, நாளைக்கு அடக்கத்துக்கு வாறா. அவவுக்குத் தெரிஞ்ச நகைக்காரர் ஒருத்தர் இருக்கிறாராம். குடுத்து விடப்போறன்."

"நாளைக்கேவோ?"

"ஓம். அப்பா என்னோடை கோயிலுக்குள்ளை வரமாட்டார்தானே. இதாவது வரட்டும்."

றெஜி தன் கைகளைப் பார்த்துக்கொண்டு இருந்தான். நகைக்காரர் ஒரு துளி அமிலம் விட்டால் போதும். முழந்தாளிட்டு அழுத மனிதரை, சினியோராவும் பங்குச் சனமும் ஒரு முட்டாளாக நினைவில் வைத்திருப்பார்கள். இந்தப் பிள்ளையும்கூட.

மறுநாட் காலை, பெண்கள் கறுப்பு உடுத்துக்கொண்டிருந்தபோது யோசப்பின் போத்தலை அவனிடம் நீட்டினாள்.

"இதை ஒருக்காக் கழுவித் தாறீங்களே தம்பி? சினியோராவிட்டைக் குடுக்கிறதெண்டா வடிவாயிருக்க வேணும். அவர்தான் கழுவுறவர், என்னைத் தொடவும் விடமாட்டார். ஒவ்வொரு பெருநாளுக்கும் முதல்நாள் புளி கரைச்சு ஊத்திக் குலுக்குவார்."

"புளியே?"

"ஓம். ஓடைப் பொன் கறுக்குமாம், அதுக்குப் புளிதான் வேணுமாம். 'இதென்ன பொன்னோ, கோயில் மெழுகுதிரித் தண்டோ' எண்டு நானும் பகிடி பண்ணுவன். சிரிச்சுப்போட்டுப் போயிடுவார்."

றெஜி போத்தலை வெளிச்சத்தில் பிடித்தான். அண்ணன் படுக்கையில் விழுந்தபின் கழுவப்படாத தூள் மங்கி, ஓரங்களில் பச்சை பூத்திருந்தது. டோசன் விடுதியின் கால்மிதியில் தான் உதறிய தூளும், அதைப் பார்த்து நின்ற அண்ணனின் முகமும் அவன் கண்முன் வந்தன. அவன் போத்தலைத் தாழ்த்தினான்.

"என்ன தம்பி?" என்று கேட்டாள் யோசப்பின்.

"ஒண்டுமில்லை. அண்ணையின்ரை ஆயுதப் பெட்டியிலை அரம் இருக்கே?"

அவள் பெட்டியிருந்த மூலையைக் காட்டினாள்.

பல்கனியில் அமர்ந்து, சவர்க்காரம் பூசி, இறுகிக் கிடந்த கலியாண மோதிரத்தை றெஜி கழற்றினான். பலெர்மோவுக்கு வந்த புதிதில், பிறர் வீட்டுப் படிகளைத் துடைத்துச் சேர்த்து அண்ணன் செய்வித்து அனுப்பிய மோதிரம் அது. வெள்ளைக் கோப்பையொன்றின் மேலே பிடித்து அதன் உட்புறத்தை அராவத் தொடங்கினான். வாழ்நாளெல்லாம் பித்தளையை அராவிய கைக்கு இது வேறு விதமாகப் பேசியது. மெதுவாகவும் கனமாகவும் உதிர்ந்தது. அரத்தின் ஓசை கேட்டு யோசப்பின் பல்கனி வாசலுக்கு வந்தாள். கோப்பையைப் பார்த்தாள், அவன் விரலைப் பார்த்தாள், போத்தலைப் பார்த்தாள். பிறகு கதவை மெல்லச் சாத்தினாள். உள்ளே செபமாலை தொடங்கியது. முன்சொல்லும் குரல் அவளுடையது. வழக்கத்தைவிட உரத்துக் கேட்டது.

அடக்கம் முற்பகலில் முடிந்தது. இந்த ஊர்ச் சேமக்காலையில் குழி இல்லை. சுவரில் அடுக்கடுக்காகப் பொந்துகள். பெட்டியை உள்ளே தள்ளி, மேசன் செங்கல் வைத்துச் சீமேந்து பூசினான். ஒரு பிடி மண் போடுவதற்கு அங்கே மண் இருக்கவில்லை. வந்தவர்கள் வெறுங்கையோடு சற்று நேரம் நின்றுவிட்டுக் கலைந்தார்கள்.

றெஜி எல்லாருக்கும் பிந்தி மாடியேறினான். திறந்திருந்த கதவுக்கு அப்பால், யன்னலருகே, சுஜானி போத்தலை வெயிலில் பிடித்துச் சினியோராவுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"சித்தப்பா, இண்டைக்கு என்னமா மின்னுது! என்ன போட்டுக் கழுவினீங்கள்?"

"வெறுந் தண்ணிதான் பிள்ளை."

சினியோரா கைக்குட்டையை விரித்துப் போத்தலை அதில் சுற்றி வாங்கினாள். யோசப்பின் தலை நிமிரவில்லை. மடுமாதாவின் காலடியில் வெறுமையாயிருந்த இடத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

வாசற்படியில் றெஜியின் கைகள் தாமாகவே காற்சட்டைப் பைகளுக்குள் போயின. வலப் பையின் அடியில், பச்சை பூத்த தூள் இன்னும் ஈரமாக விரல்நுனியில் ஒட்டியது. மெலிந்துபோன மோதிரம் அதே விரலில் தளர்ந்து சுழன்றது.

அவன் பைகளை வெளியே இழுக்கவில்லை. காலணிகளை மட்டும் கழற்றி, வாசலில் அண்ணனுடைய சோடிக்குப் பக்கத்தில் ஒழுங்காக வைத்துவிட்டு உள்ளே போனான்.