போர்டுக்கு வைத்த பொட்டு

பிராங்க்ளின் ஏணியோடு வந்து நின்றபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. மன்னார்புரத்தில் என் கம்ப்யூட்டர் கடை. அவன் ஒரு பெரிய கம்ப்யூட்டர் கம்பெனியின் திருச்சி விற்பனை அதிகாரி. வீட்டுக்கு வாங்கும் கம்ப்யூட்டர் செய்வதையே அந்தக் கம்பெனி நிறுத்திவிட்டது. இனி பேங்குகளுக்கான பெரிய மெஷின்கள் மட்டும்தானாம். கடை கடையாகப் போய் வாசலில் மாட்டிய தங்கள் பெயர்ப் போர்டைக் கழற்றுவது அவனுக்குக் கடைசி வேலை. அதோடு வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள்.

"ஏன் தம்பி நிறுத்திட்டாங்க?" என்றேன்.

"ஜனங்க கேட்டு வரலையாம்ணே. நான் சரியா விக்கலைங்கிறாங்க. நிஜமா இங்க யாருமே கேக்கலையா?"

கேட்டார்கள். காட்டூரிலிருந்தும் ஸ்ரீரங்கத்திலிருந்தும் வந்து பெயர் சொல்லியே கேட்டார்கள். நான்தான், "அதுக்குப் பார்ட்ஸ் கிடைக்காதுங்க, நானே அசெம்பிள் பண்ணித் தரேன்" என்று வாய் கூசாமல் திருப்பிவிட்டேன். அதில்தான் எனக்கு லாபம் கூடுதல். எந்தக் கடைக்காரன்தான் இதைச் செய்யவில்லை? என்ன சமாதானம் சொல்லிக்கொண்டாலும் நெஞ்சு உறுத்தியது.

"ஒருத்தர்கூட இல்ல தம்பி."

தலையாட்டிவிட்டு ஏணியில் ஏறினான். நான் பிடித்துக்கொண்டேன்.

"பாருங்க, ஆயுத பூஜை சந்தனம் இன்னும் இருக்கு. எங்க போர்டுக்குப் பொட்டு வச்ச டீலர் நீங்க ஒருத்தர்தாண்ணே. எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன்."

அட கடவுளே, இவன் என்னைத் திட்டித் தொலைத்தால் தேவலை என்றிருந்தது.

அந்த நேரம் பார்த்து, ஸ்ரீரங்கத்தில் டியூஷன் எடுக்கும் கோதை மாமி வாசலில் வந்து நின்றார்.

"அன்பு, நீங்க அசெம்பிள் பண்ணிக் கொடுத்தது மறுபடியும் படுத்துடுத்து. இந்தக் கம்பெனிதான் வேணும்னு தலைபாடா அடிச்சுண்டேன். நீங்கதானே வேண்டாம்னேள்!" என்று போர்டையே கையால் காட்டினார்.

ஏணி ஆடியது. சட்டென்று இறுக்கிப் பிடித்தேன்.

பிராங்க்ளின் மேலிருந்தே என்னைக் குனிந்து பார்த்தான். பிறகு கடைசி நட்டையும் கழற்றிப் போர்டை இறக்கினான்.

"மன்னிச்சிடு தம்பி. நிறையப் பேர் கேட்டாங்க," என்றேன்.

அவன் சத்தம் போடவில்லை. காய்ந்த சந்தனத்தைக் கட்டைவிரலால் சுரண்டினான்.

"எங்க கம்பெனி நல்லா இருக்கணும்னு வேண்டிக்கிட்டுத்தானேண்ணே பொட்டு வச்சீங்க?"

நான் வேண்டிக்கொண்டது என் கடைக்கு மட்டும்தான். அதை அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை.