பதினோராம் நாள்

பாதியாக உடைத்த மாத்திரையின் தூள் உள்ளங்கை ரேகையில் ஒட்டியிருக்கிறது, பியூலா டீச்சர் அதை நாக்கு நுனியால் தொட்டுப் பார்க்கிறாள், கசப்பு, தொண்டை வரை இறங்குகிற கசப்பு, இதைத்தானே அவனும் முழுங்கியிருப்பான், காலைச் சாப்பாடு முடிந்ததும், ஒருவரிடமும் சொல்லாமல், என்று நினைக்கும்போதே அவளுடைய கை ஆறு வருஷத்துக்கு முந்தைய கையாகிவிடுகிறது, தம்பி ஜெபசிங்கின் வீட்டுப் பின்பக்கம் நின்றுகொண்டு அட்டையிலிருந்து ஒவ்வொரு மாத்திரையாகப் பிதுக்கிச் சாக்கடையில் போடுகிற கை, ஒவ்வொன்றும் சின்னச் சத்தத்தோடு தகரத்தாளைக் கிழித்துக்கொண்டு வெளியே வருகிறது, ஜெபசிங் சமையலறை நிலையில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறான், தடுக்கவில்லை, எதையும் தடுக்கிற தெம்பு அப்போது அவனுக்குக் கிடையாது, அதற்காகத்தானே அந்த மாத்திரையே.

தனக்கும் அந்த நோய் எப்போது வந்தது என்று அவளால் சொல்ல முடியாது, பாளையங்கோட்டைப் பெண்கள் பள்ளியில் முப்பது வருஷமாகச் சமூக அறிவியல் நடத்துகிறவள், ஒருநாள் விடைத்தாள் திருத்த உட்கார்ந்து முதல் தாளின் முதல் பதிலையே முக்கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு குளிக்கத் தோன்றவில்லை, குழம்பில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை, கோயிலில் ஞாயிறு ஆராதனையில் ஞானப்பாட்டு முடிந்து எல்லோரும் உட்கார்ந்த பிறகும் இவள் மட்டும் நின்றுகொண்டிருந்தாள், விடியும் முன்பே முழிப்புத் தட்டி, ஏன் முழித்தோம் என்று அழுதாள், அவள் கணவர் தனராஜ் அதிகம் பேசாத மனிதர், இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு சனிக்கிழமை ஆட்டோவை வாசலில் நிறுத்தி, சேலையை மாத்திட்டு வா, டாக்டர்ட்ட போவோம் என்றார், எந்த டாக்டர் என்று அவள் கேட்கவில்லை, மனசுக்குப் பார்க்கிற டாக்டர்தான், அந்த வாசலை ஜெபசிங் மிதித்தபோது குடும்பத்தின் மானமே போய்விட்டதாக ஆடியவள் அவள்தான்.

டாக்டரம்மா சின்ன வயசு, பியூலாவிடம் படித்த பிள்ளைகளில் ஒருத்தியைப் போல இருந்தாள், அவசரப்படாமல் கேட்டாள், பிறகு மெதுவாகச் சொன்னாள், முதல்ல கெடுதல் வரும்மா, நல்லது பின்னாடிதான் வரும், அதுக்குள்ள விட்டுராதீங்க. முதல் வாரம் பாதி, பிறகு முழுசு, சாப்பிட்ட பிறகு, தினமும் ஒரே நேரத்தில், குமட்டும், வாய் உலரும், படபடப்பு கூடினாலும் கூடும், பெரும்பாலும் இரண்டு வாரத்தில் அடங்கிவிடும், மனசு இலகுவாக மூன்று நாலு வாரம், சிலருக்கு ஆறு வாரம்கூட ஆகும், தலைவலி, சளி, மூட்டுவலி எதற்கும் கேட்காமல் வேறு மாத்திரை வாங்க வேண்டாம், சில மருந்துகள் இதோடு சேராது, செத்துப்போனால் தேவலை என்று எப்போது தோன்றினாலும் உடனே போன் பண்ண வேண்டும் அல்லது நேரே வந்துவிட வேண்டும், சரியாகிவிட்டது என்று தானாகவும் நிறுத்தக் கூடாது, நிறுத்த வேண்டிய நேரத்தில் நான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பேன். பழக்கமாயிருமா என்று பியூலா கேட்டாள், போதை மாதிரி இதுக்கு ஏங்க மாட்டீங்க, ஆனா சட்டுனு விட்டா உடம்பு தடுமாறும் என்றாள் டாக்டரம்மா. தனராஜ் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார், பியூலா சீட்டில் இருந்த பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அதே பெயர், சாக்கடைக்குப் போன அதே மாத்திரை.

நாலு வாரம் ஆகும்னு சொல்லியிருக்காங்கக்கா என்று ஜெபசிங் அன்றைக்குச் சொன்னான், இப்போது அது எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது, அன்றைக்குக் கேட்கவில்லை, தாலுகா அலுவலகத்தில் நில அளவையராக இருந்தவன், வெயிலில் நாள் முழுக்க வரப்பு வரப்பாக நடந்தாலும் வீட்டுக்கு வந்து மகளைத் தோளில் தூக்குகிறவன், எதற்கென்றே தெரியாமல் சுவரைப் பார்த்து உட்கார ஆரம்பித்து, தானாகவே டாக்டரிடம் போய், தானாகவே மாத்திரை வாங்கி, பதினோரு நாள் முழுங்கியிருந்தான், பதினோராம் நாள் பியூலா போனபோது அவன் வாந்தி எடுத்துவிட்டுக் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தான், கைவிரல் நடுங்கியது, அவள் மாத்திரைப் பெட்டிக்குள் மடித்திருந்த தாளை எடுத்து, அதில் இருந்த பக்கவிளைவுகளை ஒவ்வொன்றாகக் குற்றப்பத்திரிகை மாதிரி சத்தமாக வாசித்தாள், தற்கொலை எண்ணம் என்ற இடத்தை இரண்டு தடவை வாசித்தாள், டாக்டரிடம் கேட்போம் என்று அப்போது தோன்றியிருக்கலாம், தோன்றவில்லை, நாலு வாரத்துக்குள்ள நீ பைத்தியமாயிருவலே, ஜெபத்துல போகாததா, இங்க குடு என்றாள், பயத்தில் சொன்னாள், பாசத்தில் சொன்னாள், இந்த இரண்டு வார்த்தைகளையும் இந்த இரண்டு மாதத்தில் எத்தனையோ தடவை தனக்குள் சொல்லிப் பார்த்துவிட்டாள், ஒன்றும் ஆறவில்லை. பிறகு அவன் வேலைக்குப் போவதை நிறுத்தினான், பிறகு வேலையே போனது, அவன் மனைவி ஷோபனா இரண்டு வருஷம் பொறுத்தாள், பிறகு மகளைக் கூட்டிக்கொண்டு நாசரேத்துக்கு, அம்மா வீட்டுக்கு, ஜெபசிங் பெருமாள்புரத்தில் ஒரு மாடி அறைக்கு, ஞாயிற்றுக்கிழமைதோறும் அக்கா கொண்டுபோகிற தூக்குவாளிக்கு, வச்சிட்டுப் போ என்கிற ஒற்றைப் பேச்சுக்கு. இதில் எல்லாவற்றையும்விட அவளைக் கடிப்பது வேறொன்று, இந்த ஆறு வருஷமும் கேட்டவர்களிடமெல்லாம் அவள் சொல்லிவந்த வாக்கியம், அந்த மாத்திரையைத் தின்னுதான் என் தம்பி இப்படி ஆயிட்டான். பதினோரு நாள் மாத்திரை. அதைக் கேட்டு இன்னும் யார் யார் வீட்டில் அட்டைகள் சாக்கடைக்குப் போயினவோ.

அவளுடைய பதினோராம் நாளும் வந்தது, வராமல் எங்கே போகும், தின்ற இட்லி அப்படியே வெளியே வந்தது, நெஞ்சு அடித்துக்கொண்டது, உள்ளங்கை வேர்த்து நனைந்தது, தனராஜ் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுக் கையில் கொடுத்தார், சாகணும்னு ஏதும் தோணுதா என்று கேட்டாள் அவள், இல்லம்மா, படுத்துக்கிடணும்னு மட்டுந்தான் இருக்கு என்று உள்ளதைச் சொன்னாள் பியூலா, அப்படியானால் நாலு நாள் திரும்பவும் பாதியாக்கிப் போடுங்கள், விடாதீர்கள் என்று பதில் வந்தது, இப்படி ஒரு போன் போட்டிருந்தால் போதும், அவ்வளவுதான் வேண்டியிருந்தது, அன்றைக்கும் அவன் சட்டைப்பையில் போன் இருந்தது, அவள் மாத்திரையை நாக்கில் வைத்துத் தண்ணீர் குடித்தாள், கிணற்றடியில் உட்கார்ந்திருந்தவன் தலையைத் தூக்கிப் பார்ப்பது போல இருந்தது, கண்ணை மூடிக்கொண்டு முழுங்கினாள்.

இருபத்துமூன்றாம் நாள் காலை, சட்னியில உப்பு கூடிப்போச்சு என்றாள், சொன்ன பிறகுதான் தனராஜ் பேப்பரைத் தாழ்த்தித் தன்னையே பார்ப்பதைக் கவனித்தாள், அவர் கண் கலங்கியிருந்தது, நாக்கு திரும்ப வந்துவிட்டது, ஜன்னலுக்கு வெளியே யாரோ தேங்காய் நார் உரிக்கிற சத்தம் அந்தச் சத்தமாகவே கேட்டது, அவளுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும், வந்தது ஒரே ஒரு எண்தான், பன்னிரண்டு, இருபத்துமூன்றில் பதினொன்று போனால் பன்னிரண்டு, அவனுக்கும் இதே நாளில் மருந்து கேட்டிருக்குமா கேட்டிருக்காதா என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது, அது அவளுக்குத் தெரியும், தெரிந்தும் சட்னி வாயிலேயே நின்றது, பன்னிரண்டு நாளுக்கு ஒரு வேலை, ஒரு மனைவி, தோளில் தூக்குகிற ஒரு பிள்ளை.

மறுநாள் புதன்கிழமை பெருமாள்புரம் போனாள், தூக்குவாளி இல்லாமல் வந்தவளைப் பார்த்து, இன்னைக்கு ஞாயிறா என்று கேட்டான் ஜெபசிங், இல்லலே என்று கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள், சுற்றி வளைக்கத் தெரியவில்லை, அன்னைக்கு நான் சாக்கடையில போட்டேன்லா, அந்த மாத்திரையை இப்போ நான் சாப்பிடுதேன் என்றாள். பையிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டினாள். அவன் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான், வெகுநேரம் பார்த்தான். எத்தனாம் நாள் கேட்டுச்சு என்றான். இருபத்திமூணு என்றாள். அவன் பழைய அளவையர் பழக்கத்தில் கட்டைவிரலால் விரல்கணுக்களைத் தொட்டுக்கொண்டே போனான், ஒரு கணுவில் நிறுத்தினான், அவன் கத்தியிருக்கலாம், அட்டையை முகத்தில் எறிந்திருக்கலாம், அதற்கெல்லாம் தயாராகத்தான் மாடிப்படி ஏறினாள், கணக்குப் போட்டு முடித்துவிட்டுச் சும்மா இருந்ததற்குத் தயாராக இல்லை. பிறகு, சரி, இதையே எனக்குக் குடு, இப்பமே போடுதேன் என்றான். அவள் கை தன்னையறியாமல் நீண்டு அட்டையைப் பிடித்தது, வேண்டாம்லே, டாக்டரைப் பாக்காம போடக் கூடாது, நீ முதுகுவலிக்கு வேற என்னமோ போடுத, ரெண்டும் சேரலன்னா ஆபத்து, ஒருத்தர் மாத்திரையை ஒருத்தர் போடக் கூடாது. ஜெபசிங் சிரித்தான், ஆறு வருஷத்தில் முதல் சிரிப்பு, பல் தெரிந்தது, கண் சிரிக்கவில்லை. ரெண்டாம் தடவையும் நீதான் பிடுங்குத என்றான். இந்தத் தடவை அவள் சொன்னது சரி, அதை அவனிடம் சொல்ல அவளுக்கு வாய் இல்லை, முன்பும் அவள் சரியாகச் சொல்வதாகத்தான் நினைத்திருந்தாள்.

ஆனாலும் அவள் டாக்டரம்மாவிடம் நேரம் வாங்கியிருந்த செவ்வாய்க்கிழமை வந்தான், சொன்ன நேரத்துக்குச் சவரம் செய்துகொண்டு, முதுகுவலி மாத்திரை அட்டையையும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஆட்டோவில் வெளிப்பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான், காத்திருக்கிற கூடத்தில் அவள் பக்கத்தில் உட்காராமல் ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தான், நடுவில் காலியாகக் கிடந்த நாற்காலியில் வேறு யாராவது வந்து உட்கார்ந்துவிட்டால் தேவலை என்று அவளுக்கு இருந்தது, யாரும் உட்காரவில்லை, நர்ஸ் வந்து ஜெபசிங் என்று கூப்பிட்டாள், அவன் எழுந்தான், அவளும் எழுந்தாள். நீ வேண்டாம் என்றான். அன்னைக்கு நடந்ததை டாக்டர்ட்ட சொல்லணும்லா தம்பி, ஏன் நிறுத்தினீங்கன்னு கேப்பாங்கள்லா என்றாள், அவள் குரல் கெஞ்சலாக வந்தது. அதை நான் சொல்லிக்கிடுதேன் என்றான் ஜெபசிங், கதவைச் சாத்திக்கொண்டான். அவள் உட்கார்ந்தாள். உள்ளேயிருந்து அவன் குரல் கேட்டது, வார்த்தை ஒன்றும் பிடிபடவில்லை, முதலில் தயங்கித் தயங்கி, பிறகு நிற்காமல், இந்த ஆறு வருஷத்தில் அவன் இவ்வளவு நேரம் சேர்ந்தாற்போலப் பேசி அவள் கேட்டதே இல்லை, யாரைப் பற்றிப் பேசுகிறான் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.