மூச்சு முட்டிய டீசல் கார்

சந்திரகிரி தாண்டி பனப்பாக்கம் வருவதற்குள் கார் இரண்டாம் தடவையும் நின்றது. முதல் தடவை நின்றது போலவேதான். இரண்டு இருமல், ஒரு குலுக்கல், அப்புறம் சத்தமே இல்லை. கோவர்த்தனன் அதைப் புளியமரத்து நிழலுக்கு உருட்டிக்கொண்டு போய் நிறுத்தினான். பின்சீட்டைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

பின்சீட்டில் இருந்தவர் ஸௌரிராஜன், திருப்பதியில் நெய் மண்டிக்காரர். பக்கத்தில் அவர் மனைவி பத்மாசனி, மடியில் பட்சணக் கூடையோடு. சித்தூரில் அவர்கள் மகள் வரலக்ஷ்மியின் குழந்தைக்கு மறுநாள் பெயர் வைக்கிறார்கள்.

சீமைக்குக் கப்பலேறிய ஒரு தோட்டத்துத் துரையிடம் பழசாக வாங்கிய கார் அது. சந்திரகிரியில் நின்றபோதே ஸௌரிராஜனுக்கு வெறுத்துப்போய்விட்டது. அந்த வழியாக வந்த பஸ்ஸை நிறுத்தி, சித்தூர் பழைய இரும்பு வியாபாரி செங்கல்வராயனை மகள் வீட்டுக்கு வரச் சொல்லும்படி கண்டக்டரிடம் சொல்லி அனுப்பினார். இன்னொரு தரம் நின்றால் கார் செங்கல்வராயனுக்குத்தான் என்று கோவர்த்தனனிடமும் சொல்லிவிட்டார்.

கார் போனால் டிரைவர் எதற்கு? கோவர்த்தனன் வேலைக்குச் சேர்ந்து முழுசாக ஒரு மாசம்கூட ஆகவில்லை. சத்தியவேட்டுப் பக்கத்துப் பையன். அந்த 1960 ஏப்ரலில்தான் அவன் ஊர் சென்னை ராஜ்யத்திலிருந்து ஆந்திராவுக்கு மாறியிருந்தது. அதைப் பற்றி யாராவது கேட்டால், ஊர் இருந்த இடத்திலேயே இருக்கிறது, நான்தான் மாறிவிட்டேன் என்று சிரிப்பான். இப்போது சிரிப்பு வரவில்லை.

பானட்டைத் திறந்து பம்ப்பின் திருகைத் தளர்த்தினான். டீசல் நுரைநுரையாக வந்தது. குழாயில் காற்று. சந்திரகிரியிலும் இதையே பார்த்து, இணைப்பில்தான் கசிகிறது என்று நூல் சுற்றிச் சோப்புத் தடவியிருந்தான். தடவிய சோப்பு கலையாமல் இருந்தது. அப்படியானால் கோளாறு அங்கே இல்லை.

டீசலாவது இருக்கிறதா என்று பார்க்க ஒரு குச்சியை ஒடித்துக்கொண்டு பின்பக்கம் போனான். டேங்க் மூடி பிடித்துக்கொண்டிருந்தது. பல்லைக் கடித்துத் திருகினான். உஸ்ஸென்று ஒரு நீளமான சத்தம் வந்தது. குச்சி பாதிக்கு மேல் நனைந்தது.

சத்தம் கேட்டு ஸௌரிராஜன் இறங்கி வந்துவிட்டார்.

"என்னடா அது, பாம்பாட்டம்?"

"டேங்கு காத்தை இஸ்துக்குது சாமி. உள்ள டீசல் நெறைய கீது. எறங்க மாட்டேங்குது."

ஸௌரிராஜன் யோசித்தார். வயசில் பாதி நெய் டின்களோடு கழிந்தவர். "ஒத்தை ஓட்டை போட்ட டின்னு மாதிரின்னா இருக்கு. எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டாத்தானே நெய் எறங்கும். இதுக்கு அந்த ஓட்டை எங்கே?"

கோவர்த்தனன் கையிலிருந்த மூடியைப் பார்த்தான். அந்த ஓட்டை மூடியின் நடுவில்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை காரைக் கழுவிய பிறகு பத்மாசனி தன் கையாலேயே பானட்டில் ஒன்று, பின்னால் ஒன்று, இந்த மூடியில் ஒன்று என்று நாமம் இட்டிருந்தாள். திருமண் காய்ந்து கல்லாகியிருந்தது. சிவப்புக் கோடு சரியாக ஓட்டையின் மேல். கார் நிற்க ஆரம்பித்ததும் அதற்குப் பிறகுதான்.

ஸௌரிராஜனும் பார்த்துவிட்டார். மூடியை ஆளுக்கு ஒருதரம் உள்ளங்கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார்கள்.

"என்ன, ரெண்டு பேரும் கையில பிரசாதம் வாங்கிண்டவா மாதிரி நிக்கறேள்?" என்று ஜன்னல் வழியாகப் பத்மாசனி கேட்டாள்.

ஸௌரிராஜன் தொண்டையைச் செருமி, டின்னில் ஆரம்பித்து, துரையைத் தொட்டு, ஒருவழியாக மூடிக்கு வந்து சேர்ந்தார். பெருமாள் சோதிக்கிறார் என்று முடித்தார்.

"பெருமாளை ஏன் இழுக்கறேள்? கெட்டியா இட்டது நான்." அவள் இறங்கி வந்தாள். "ஏண்டா கோவர்த்தனா, நீ பக்கத்துலதானே நின்னே. சொல்லப்படாதோ?"

"நானும் பாத்துக்கினுதான் இருந்தேம்மா. அழகா கீதுன்னு நெனச்சேன். ஓட்டை ஞாபகமே வரல."

அவள் சிரித்துவிட்டாள். கூஜாத் தண்ணீரை விட்டு மண்ணை ஊறவைத்துத் தானே துடைத்தாள். வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றி அவனிடம் நீட்டினாள். அவன் ஓட்டையைக் குத்திச் சுத்தம் செய்து, ஊதிப் பார்த்து மூடியைப் போட்டான். நுரை அடங்கும்வரை பம்ப்பில் காற்றை எடுத்தான். இரண்டாவது சுற்றில் இன்ஜின் பிடித்துக்கொண்டது.

பாகாலா வரை ஒவ்வொரு மைல்கல்லிலும் அவன் இன்ஜின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டான். கார் நிற்கவில்லை. பின்னால் ஸௌரிராஜன் குறட்டை விட ஆரம்பித்தபிறகுதான் அவனுக்கு மூச்சு சீராக வந்தது.

சித்தூரில் மகள் வீட்டு வாசலில் செங்கல்வராயன் காத்திருந்தான். காரைச் சுற்றி வந்து, மட்கார்டைத் தட்டி, உதட்டைப் பிதுக்கினான்.

"வழியில நின்னு போச்சாமே சாமி. இந்தக் கெயவனை எத்தினி நாளு இஸ்துக்கினு இருப்பீங்க?"

"நின்னுது. மூச்சு முட்டினா நீயுந்தான் நிப்பே" என்றார் ஸௌரிராஜன். விற்கிற உத்தேசம் இல்லை, வந்ததற்கு மோர் குடித்துவிட்டுப் போகலாம் என்று அவனை உட்கார வைத்தார். அப்புறம் திரும்பினார்.

"கோவர்த்தனா, அடுத்த மாசம் குழந்தையையும் வரலக்ஷ்மியையும் திருப்பதிக்கு அழைச்சிண்டு போகணும். சின்னக் குழந்தை. குலுங்காம ஓட்டுவியோன்னோ?"

"ஓட்றேன் சாமி" என்றான். கிணற்றடிக்குப் போய், கழுவிய கையையே மறுபடியும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தான். இலை போட்டாயிற்று என்று உள்ளேயிருந்து பத்மாசனி கூப்பிட்டாள்.